பார்த்தே இராத வாத்தியாருக்கு நன்றி சொல்வது எப்படி: நாகேஷை வைத்து ஒரு மேடைக்காரனின் குறிப்புகள்

நாகேஷ் மாதிரி பேசிக் காட்டுவதை நான் நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. அவருக்கு நான் உருப்படியாகச் செய்த முதல் மரியாதை அதுதான். அதற்கு முன்னால் ஏழெட்டு வருஷம் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே மைக் கிடைத்தாலும் அவர் குரலில் கத்திவிட்டு, இறங்கும்போது "நாகேஷ்தான் என் குரு" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிட்டு வருவேன். அவரிடம் என்ன கற்றாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

இதை எழுதுவது, யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக் மேடைப் பக்கம் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிற தம்பி, தங்கைகளுக்காக. உங்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார். என்.எஸ்.கிருஷ்ணனாக இருக்கலாம், சந்திரபாபுவாக, மனோரமாவாக, கவுண்டமணியாக இருக்கலாம். நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள், சிலரைப் பார்க்கவே முடியாது. நாகேஷ் 2009 ஜனவரி 31 அன்று காலமானபோது நான் காலேஜில் இரண்டாம் வருஷம். ஹாஸ்டல் மெஸ்ஸில் டிவியில் செய்தி ஓடுகிறது, கீழே அவருடைய காமெடிக் காட்சிகளையே ஓட்டுகிறார்கள், ஒருவன் சாம்பார் வாளியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருக்கிறான், எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு மனுஷனால் ஒரு மெஸ்ஸையே சாப்பாட்டை நிறுத்த வைக்க முடிகிறது என்றால் அந்தத் தொழில் ரகசியம் அந்தக் காட்சிக்குள்ளேயேதான் எங்கேயோ இருக்க வேண்டும். அதை எடுப்பதுதான் பாடம். எடுத்த பிறகு எப்படி நன்றி சொல்வது என்பது அப்புறம். பலபேர் இந்த இரண்டாவதை முதலில் செய்துவிடுகிறார்கள், என்னையும் சேர்த்து.

முதல் வேலை, ஒருவரைப் பிடியுங்கள். ஒரே ஒருவர். ஐந்து பேரைக் குரு என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேரிடமும் பிடித்த வசனத்தை மட்டும்தான் எடுப்பீர்கள். ஒருவரோடு உட்கார்ந்தால்தான் ஆறாவது மாதம் அவருடைய சலிப்பூட்டுகிற காட்சிகளுக்கும் போய்ச் சேர்வீர்கள், அங்கேதான் பாடமே ஆரம்பிக்கிறது. நாகேஷ் நூற்றுக்கணக்கான படங்கள் செய்தவர். அதில் எல்லாமே 'காதலிக்க நேரமில்லை' இல்லை. எழுத்து மொக்கையாக இருக்கிற ஒரு காட்சியில் அவர் எதை வைத்துச் சமாளிக்கிறார், காலையா, மூச்சையா, பக்கத்தில் கிடக்கிற நாற்காலியையா என்று பாருங்கள். நல்ல காட்சியில் இது தெரியாது. நல்ல காட்சியில் நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது. நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு முதல் தடவை ரசிகனாகப் பார்த்துவிட வேண்டியது, அந்த ஆசையைத் தீர்த்துவிடுங்கள். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு கேட்க மட்டும் வேண்டும். நான்காவது தடவைதான் முக்கியம், அதில் வாத்தியாரைப் பார்க்கவே கூடாது. அவருக்கு எதிரில் இருக்கிறவரை மட்டும் பார்க்க வேண்டும்.

'காதலிக்க நேரமில்லை' 1964-இல் வந்தது, ஸ்ரீதர் இயக்கியது. அதில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று ஒரு கம்பெனியை வைத்துக்கொண்டு, அப்பாவான டி.எஸ்.பாலையாவுக்குத் தன் பேய்ப்படக் கதையைச் சொல்லுவாரே, அந்த இடம். தமிழில் சிரிக்க வைக்கப் பிழைக்கிறவன் யாராக இருந்தாலும் அந்தக் காட்சியை மனப்பாடமாக வைத்திருப்பான். நானும் வைத்திருந்தேன். நாகேஷ் போடுகிற கதவுச் சத்தம், குரல் மாற்றம், எல்லாம் அத்துப்படி. ஒருநாள் மேலே சொன்ன நான்காவது முறையில் பாலையாவை மட்டும் பார்த்தேன், என் பிழைப்பே தலைகீழாகிவிட்டது.

பாலையா உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் கதை ஆரம்பிக்கும்போது அந்த முகத்தில் "இவன் என்னத்தைக் கிழிக்கப் போறான்" என்கிற இளக்காரம் இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஆர்வமாகி, பயமாகி, கடைசியில் கதை சொல்கிறவனைவிடக் கேட்கிறவர் கதைக்குள் ஆழமாகப் போய் மாட்டிக்கொண்டிருப்பார். நான் ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதினேன்: நாகேஷ் என்ன செய்தார், பாலையா என்ன செய்தார், நான் எப்போது சிரித்தேன். மூன்றாவது பத்தியில் பதினொரு குறி விழுந்தது. அதில் ஏழு பாலையாவின் முகத்துக்கு.

இங்கேதான் என் மரமண்டைக்கு ஒன்று உறைத்தது. நாகேஷ் அத்தனை சத்தமும் போடுவது நமக்காக இல்லை, அந்த அப்பாவுக்காக. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அப்பாவுக்கு ஏறிவிட்டதா என்று பார்த்து, ஏறினால்தான் அடுத்த படிக்குப் போகிறார். வேகமான நடிகர் என்று அவரைச் சொல்கிறோம், வேகம்தான், ஆனால் அந்த வேகத்துக்குள் எதிராளிக்குக் கொடுக்கிற இடைவெளி இருக்கிறது. நான் இத்தனை வருஷம் இடைவெளியைக் கழித்துவிட்டு வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மூச்சு விடாமல் பேசி, ஜனங்கள் சிரிக்கத் தொடங்கும்போது அடுத்த வரியைப் போட்டு அந்தச் சிரிப்பை நானே மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை மேடையில் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பீர்கள். தனியாக நின்று பேசுகிற நமக்குப் பாலையா எங்கே இருக்கிறார்? முன் வரிசையில் இருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பு விழாக்களில் இரண்டாவது மூன்றாவது நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, செக்யூரிட்டி சம்பளம் ஏன் ஏறியது என்கிற யோசனையில் ஒரு அங்கிள் உட்கார்ந்திருப்பார் பாருங்கள், அவர்தான். முன்பெல்லாம் நான் அவர் பக்கமே திரும்பமாட்டேன். சிரிக்கிற பெண்கள், கை தட்டுகிற பசங்கள் இருக்கிற பக்கமாகவே திரும்பி நின்று பேசுவேன். இப்போது முதல் இரண்டு நிமிஷத்துக்குள் அவரைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறேன். வம்புக்கு இழுக்கமாட்டேன், சட்டையைக் கிண்டல் செய்யமாட்டேன், அது வேறு கலை, எனக்கு வராது. கதையை அவருக்குச் சொல்வேன். பன்ச் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டு, மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணியபடி அவரைப் பார்ப்பேன். அவர் உதடு லேசாக நெளிகிற அந்த நேரத்தில் சுற்றியுள்ள நாற்பது பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொத்தக் கூட்டமும் சிரிப்பது அப்போதுதான். எல்லா நாளும் நடக்காது, சில அங்கிள்கள் கடைசிவரை அசையவே மாட்டார்கள். ஆனால் நடக்கிற நாளில் வீட்டுக்கு வந்து பாலையாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படுப்பேன்.

அடுத்தது, குரலை எடுத்துக்கொள்வது பற்றி. மிமிக்ரி செய்யாதே என்று நான் சொல்லமாட்டேன். செய்யுங்கள், ஆறு மாதம், கதவைச் சாத்திக்கொண்டு. ஒருவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பது அவர் வசனத்தை அவர் வேகத்தில் சொல்லிப் பார்க்காமல் தெரியாது, சங்கீதக்காரர்கள் பிடியைத் திருப்பித் திருப்பிப் பாடிப் பார்ப்பதுபோல. தப்பு எங்கே என்றால், வீட்டுப்பாடத்தைக் கொண்டுபோய்க் கச்சேரியில் பாடுவது. நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், தாராபுரம் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவரைக்கும். தாராபுரம் நாகேஷ் வளர்ந்த ஊர். அங்கே போய் அவர் குரலில் பேசினால் தூக்கி வைத்துக் கொண்டாடிவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. கைதட்டல் வந்தது, குறை சொல்ல முடியாது. இறங்கி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது எழுபது வயது இருக்கும், ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார்.

"நல்லா இருந்துதுங்க தம்பி. நாகேஷை நாங்க பாத்துட்டமுங்க. நீங்க யாருன்னுதான் தெரியலைங்க."

அவ்வளவுதான் சொன்னார், டீக்குக் காசையும் அவரே கொடுத்துவிட்டுப் போனார். குத்திக்காட்டினாரா, நிஜமாகவே என் பேரைத்தான் கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது. கொங்கு நாட்டு மரியாதையில் இது ஒரு சிக்கல், அடி விழுந்ததா இல்லையா என்பதே மூன்று நாள் கழித்துத்தான் புரியும். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

நாகேஷுக்கே இப்படி ஒரு கடல் தாண்டிய வாத்தியார் உண்டு என்று சொல்வார்கள், அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ். இந்தியாவின் ஜெர்ரி லூயிஸ் என்றே பட்டம் கொடுத்தார்கள். ரப்பர் மாதிரி வளைகிற உடம்பு, தடுக்கி விழுகிற கால், இரண்டுக்கும் உறவு தெரிகிறதுதான். ஆனால் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சவடால் வைத்தியாக வந்து, பணக்காரர் முன்னால் ஒரு முதுகெலும்பு, ஏமாளி முன்னால் இன்னொரு முதுகெலும்பு என்று மாற்றி மாற்றி வளைகிறாரே, அந்த வளைவு அமெரிக்காவில் எங்கே இருக்கிறது? அது நம்மூர்ப் பந்தியில், கச்சேரி வாசலில், பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் பார்த்துப் பொறுக்கிய வளைவு. அங்கிருந்து எடுத்தது உடம்பைப் பேச வைக்கலாம் என்கிற தைரியம், இங்கே அதை வைத்துப் பேசியது வேறு பேச்சு. நீங்களும் அப்படி எடுங்கள் என்று சொல்வது சுலபம், எனக்கு அது புரிய ஒரு மேடை உடைய வேண்டியிருந்தது.

நிஜமாகவே உடைந்தது. நான் தொண்ணூற்று நாலு கிலோ. நாகேஷ் ஒல்லிக்குச்சி. அவர் வழுக்கி, சுழன்று, ஒற்றைக் காலில் நின்று சமாளித்து நிமிர்கிற அந்த அசைவை ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் நான் செய்து காட்ட, சுழன்றவரைக்கும் சரியாகத்தான் போனது, ஒற்றைக் காலில் நின்றபோது பலகை "போதும்" என்று சொல்லிவிட்டது. மணப்பெண்ணின் சித்தப்பா ஓடிவந்து தூக்கினார், தனியாக முடியாமல் இன்னொருவரையும் கூப்பிட்டார். அன்றைக்கு அதுதான் பெரிய சிரிப்பு. மண்டபக்காரர்கள் என் சம்பளத்தில் ஆயிரத்து ஐநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்தபடி யோசித்தேன். அம்மைத் தழும்பு நிறைந்த முகம், ஒல்லி உடம்பு. கதாநாயகன் ஆவதற்குச் சினிமா வைத்திருந்த அளவுகோலில் எதிலும் தேறாத உருவம். அதை வைத்துக்கொண்டுதான் அவர் 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' என்று தலைப்புப் பாத்திரமும் நாயகப் பாத்திரமுமாகச் செய்தார். தன்னிடம் இருந்த உடம்புக்கு எது முடியுமோ அதைக் கண்டுபிடித்தார். அவரைப் பின்பற்றுவது என்றால் நான் என் தொண்ணூற்று நாலு கிலோவுக்கு எது முடியும் என்று கண்டுபிடிக்க வேண்டும், அவர் உடம்பை நான் வாடகைக்கு எடுக்கக் கூடாது. இப்போது நான் மேடையில் அதிகம் அசைவதே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து, அது என்னைத் தாங்குமா என்று அதனிடமே விசாரித்துவிட்டு, உட்காராமல் போய்விடுவேன். நாற்பது நொடி, வசனம் கிடையாது. அது முழுக்க நாகேஷிடம் கற்றதுதான், பார்க்கிற யாருக்கும் நாகேஷ் ஞாபகம் வராது.

எதிரில் நடிகரே இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கு 'திருவிளையாடல்' போதும். 1965, ஏ.பி.நாகராஜன். பாண்டிய மன்னனின் சந்தேகத்தைத் தீர்க்கிற பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு என்று அறிவித்துவிட்டார்கள், புலவர் தருமியாக வரும் நாகேஷுக்கோ பாட்டு எழுத வராது, கோயிலில் தனியாக நின்று சொக்கனைக் கூப்பிட்டுப் புலம்புவார். சிவாஜி வந்த பிறகு நடக்கிற கேள்வி பதிலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நம் மாதிரி ஒற்றை ஆளாக நிற்கிறவர்களுக்குப் பாடம் சிவாஜி வருவதற்கு முன்னால் இருக்கிறது. அதில் நாகேஷ் தன்னை இரண்டாகப் பிளந்துகொள்கிறார். ஒருவன் ஆசைப்படுகிறான், இன்னொருவன் அவனைப் பார்த்து உனக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்கிறான். செல்லப்பாவும் அவரே, பாலையாவும் அவரே.

இதைப் பழக ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கு நிஜமாகவே வேண்டிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், சம்பள உயர்வு, வீட்டுக்காரர் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ், எதுவோ. கண்ணாடி வேண்டாம், சுவரைப் பார்த்து நின்று வேண்டும் என்று ஒருவனாகக் கேளுங்கள், கிடைக்காது என்று இன்னொருவனாகச் சொல்லுங்கள், குரலை மாற்றாமல். குரலை மாற்றினால் மிமிக்ரி ஆகிவிடும். தோள் மட்டும் மாறட்டும், கேட்கிறவனுக்கு முன்னால் சாயட்டும், மறுக்கிறவனுக்குப் பின்னால் போகட்டும். மூன்று நிமிஷம் தாங்கினால் உங்களிடம் மேடையில் பேச ஒரு செட் இருக்கிறது. எனக்கு முதல் மாதம் நாற்பது நொடிக்கு மேல் தாங்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வந்து "யாரோட சண்டை?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நேரமில்லை, நான்கு நிமிஷம்தான் கொடுக்கிறார்கள், அதில் என்ன செய்ய முடியும் என்று ஒரு புலம்பல் எப்போதும் கேட்கும். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு நாடகத்துக்குப் போனவர். அவருடைய ஆரம்ப கால வேடம் ஒன்று வயிற்றுவலிக்காரன், மேடையில் சிறிது நேரமே வந்து போகிற பாத்திரம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர் அதைத்தான் குறிப்பிட்டுப் பாராட்டினார். நான்கு நிமிஷம் போதும் தம்பி. வயிறு வலிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கோடிக்கும் போய்ப் பாருங்கள். 'மகளிர் மட்டும்', 1994. அதில் நாகேஷ் பிணம். வசனம் கிடையாது, கண் இமைக்கக் கூடாது, மற்றவர்கள் தூக்குவார்கள், இழுப்பார்கள், உட்கார வைப்பார்கள். அறுபது வயதில், முப்பது வருஷமாகத் தமிழ்நாட்டையே வசனத்தால் சிரிக்க வைத்த ஒரு மனுஷன், எதுவுமே செய்யாமல் இருப்பதற்கு ஒத்துக்கொண்டு, அந்த ஒன்றும் செய்யாததை அத்தனை சுத்தமாகச் செய்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு மேடையில் என் கை எங்கே இருக்கிறது என்று முதல்முறையாக யோசித்தேன். கை சும்மா இருக்கவே இல்லை. மைக் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, பாவம்.

திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வாத்தியார் போட்ட வசனத்தை உங்கள் வசனமாகச் சொல்லாதீர்கள், கூட்டத்தில் ஒருவருக்காவது தெரியும், தெரியாவிட்டால் இன்னும் மோசம், அந்தச் சிரிப்பு உங்கள் கணக்கில் வந்துவிடும். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் பேரைச் சொல்லிச் சொல்லுங்கள். முறையை எடுக்கலாம், அதற்குப் பேர் சொல்லத் தேவையில்லை, ஆனால் அதை உங்கள் வீட்டுச் சமாச்சாரத்தைப் போட்டு நிரப்ப வேண்டும். அப்புறம், மறைந்த கலைஞர்களைப் பற்றிய கதைகளில் ஜாக்கிரதை. யார் யாரிடம் என்ன சொன்னார், எந்தக் காட்சியை யார் வெட்டச் சொன்னார், யார் காப்பாற்றினார் என்று ஒரே சம்பவத்துக்கு ஐந்து வடிவம் சுற்றுகிறது, ஐந்திலும் சொல்கிறவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். திரையில் தெரிவதை மட்டும் நம்புங்கள். அது மாறாது.

இப்போது நன்றிக்கு வருவோம்.

அவர் உயிரோடு இருந்தால் ஒரு கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். "நான் உங்கள் தீவிர ரசிகன்" என்று ஆரம்பிக்காதீர்கள், அவருக்கு அது தினமும் வருகிறது. எந்தக் காட்சி, அதில் எந்த இடம், அதைப் பார்த்து நீங்கள் மேடையில் எதை மாற்றினீர்கள், அன்று என்ன நடந்தது, இவ்வளவுதான். இந்த மாதிரி: "ஐயா, நீங்கள் அந்தக் காட்சியில் பதில் சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்தீர்கள். நான் சென்ற மாதம் ஒரு நிகழ்ச்சியில் பதிலுக்கு முன்னால் என் செருப்பைச் சரிசெய்தேன். எட்டு பேர் இருந்த அறையில் எட்டு பேரும் சிரித்தார்கள். நன்றி." இதில் வாய்ப்பு கேட்காதீர்கள், சந்திக்க நேரம் கேட்காதீர்கள், உங்கள் வீடியோ இணைப்பை அடியில் சேர்க்காதீர்கள். கேட்டால் அது விண்ணப்பம் ஆகிவிடும். பதில் வராது என்று நினைத்துக்கொண்டே அனுப்புங்கள். தொழிலில் உள்ள ஒருவருக்கு, தான் செய்த ஒரு சின்ன வேலையை எங்கோ ஒருவன் கவனித்திருக்கிறான் என்பதைவிட வேறென்ன வேண்டும்?

போய்விட்டவர் என்றால் இது முடியாது. குடும்பத்தாரைத் தேடிப்போய்ச் செல்ஃபி எடுப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், அவர்களுக்கு அவர் அப்பா, தாத்தா, உங்கள் குருபூஜைக்கு அவர்கள் ஏன் நேரம் ஒதுக்க வேண்டும். மேடை ஏறியதும் கண்கலங்கி நன்றியுரை நிகழ்த்துவதும் வேண்டாம், சிரிக்க வந்த கூட்டத்தை அஞ்சலிக் கூட்டமாக மாற்றினால் அந்த வாத்தியாரே எழுந்து வந்து அடிப்பார்.

எனக்குத் தெரிந்து மிக அழகாக நன்றி சொன்னவர் கிரேஸி மோகன். பள்ளிக்கூடத்தில் அவரை மேடையேற்றிய டீச்சரின் பெயர் ஜானகி. அதற்காக அவர் எழுதிய நாடகங்களிலும் பல படங்களிலும் நாயகிக்கு ஜானகி என்றே பெயர் வைத்துக்கொண்டிருந்தார். யோசித்துப் பாருங்கள், எத்தனை அரங்கம், எத்தனை நூறு தடவை, அந்தப் பெயர் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில் கூப்பிடப்பட்டிருக்கும். பெரும்பாலோருக்கு ஏன் என்றே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் நேரில் தெரிந்த டீச்சருக்குச் செய்தார், நாம் பார்க்காதவருக்குச் செய்கிறோம், முறை ஒன்றுதான்: நன்றியை வேலைக்குள்ளேயே தைத்துவிடுங்கள், வெளியே நூல் தெரியாமல்.

அவரைப் பார்த்து நானும் ஒன்று செய்தேன். என் கதைகளில் ஒரு ஆள் அடிக்கடி வருவார், வீட்டுக்காரராக, டிடிஆராக, வங்கி மேலாளராக, எதற்கும் சிரிக்காதவராக. அவர் பெயர் எப்போதும் செல்லப்பா. கதை சொல்கிறவனின் பெயரைச் சிரிக்காதவருக்கு வைத்திருக்கிறேன். அந்தக் காட்சியில் கதை சொன்னது நாகேஷ் என்றாலும் எதிராளியைக் கவனித்துக்கொண்டே இருந்ததும் அவர்தான் என்பதால்... சரி, இதை விளக்கினால் நன்றாக இருக்காது, விட்டுவிடுகிறேன்.

ஜனவரி 31 அன்று இன்னொன்று செய்வேன். நாகேஷைப் பார்க்காத ஒருவரைப் பிடித்து, பத்தாம் வகுப்புப் பையனோ, பக்கத்து அறையில் தங்கியிருக்கிற ஒடிசாக்காரரோ, உட்கார வைத்து ஒரே ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுவேன். போடுவதற்கு முன் எதுவும் சொல்லமாட்டேன், 'இவர் யார் தெரியுமா' என்று ஆரம்பித்தால் சிரிப்பு செத்துவிடும். நான் திரையைப் பார்க்கமாட்டேன், பார்க்கிறவர் முகத்தைப் பார்ப்பேன். அந்த ஒடிசாக்காரருக்குத் தமிழ் பத்து வார்த்தைதான் தெரியும், பேய்க்கதைக் காட்சியில் பாலையாவோடு சேர்ந்து அவரும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

போன மாதம் ஒரு சின்ன ஷோ, முப்பது பேர். முடிந்ததும் ஒரு பெண் வந்தாள், காலேஜ் மூன்றாம் வருஷமாம், நாலைந்து ஓப்பன் மைக் செய்திருக்கிறாளாம்.

"அண்ணா, உங்க வீடியோ எல்லாம் சத்தம் இல்லாம பாத்தேன். பன்ச் சொல்லிட்டு நீங்க முன் வரிசையில யாரையோ பாக்குறீங்க. யாரை?"

"பாலையாவை."

"அது யாருண்ணா?"

இரவு வீட்டுக்கு வந்து அவளுக்கு அந்தக் காட்சியின் இணைப்பை அனுப்பினேன். கூடவே ஒரு வரி: நாலாவது தடவை நாகேஷைப் பார்க்காதே.